அகரவரிசையில் வசந்தகுமாரி

பெண் படித்த கணக்கு எந்தக் கணக்கு என்று கஜபதிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆவடி டாங்கி ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷமாக ஃபிட்டர். ஷெட்டில் யாராவது, "உம் பொண்ணு இன்னாபா படிக்குது இத்தினி வருசமா?" என்று கேட்டால், "புள்ளி வெச்சி கோடு இஸ்துகினு கீது. எந்தப் புள்ளிலேர்ந்து எந்தப் புள்ளிக்கு எப்டிப் போலாம்னு பாக்குற கணக்காம்" என்பார். "இத்த பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பரைக் கேட்டா சொல்லிட்டுப் போறான்" என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். கஜபதியும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் பெருமைதான். அந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக் கடிதம் வருகிற ஒரே வீடு அவருடையது.

கணக்கு புரியாவிட்டாலும் அவள் பட்ட பாடு தெரியும். அவளுடைய கைடு பேராசிரியர் ரகுநாதன் எண்பத்தெட்டில் ஒரு கேள்வியைக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு வசந்தகுமாரி இரண்டு வருஷம் மல்லுக்கட்டினாள். ஆறு மணி ஷிப்டுக்கு அவர் எழுந்திருக்கும்போது சமையல்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருப்பாள். அவள் அம்மா ஜெகதாம்பாள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து டீ போடுவாள், சோறு வடிப்பாள். தாளில் கஞ்சித் தண்ணி தெறித்தால் மட்டும் பெண் நிமிர்ந்து பார்ப்பாள்.

ஒரு மாசி மாதச் சாயங்காலம் கஜபதி சைக்கிளை நிறுத்துவதற்குள் வாசலுக்கு ஓடிவந்தாள். "வந்துடிச்சி நைனா."

"இன்னா வந்துச்சி?"

"விடை."

அன்றைக்குச் சென்னாக்குன்னிக் கருவாடு போட்டுக் கத்திரிக்காய் வதக்கியிருந்தாள் ஜெகதாம்பாள். ஒரு மாசமாகக் கோழி கொத்துவதுபோல் கொறித்த பெண் மூன்று தரம் சோறு கேட்டு வாங்கித் தின்றாள்.

அது கட்டுரையாக அச்சாகி வந்தது. பிறகு இன்னும் இரண்டு வந்தன. மூன்றிலும் தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். முதலில் ரகுநாதன். அடுத்து வசந்தகுமாரி.

"ராப்பகலா ஒக்காந்து எய்தினது நீ. அவரு பேரு இன்னாத்துக்கு முன்னால கீது?"

"கணக்குல அப்டித்தான் நைனா. இங்கிலீஷ் எழுத்து வரிசை. ஆர் முன்னால வருது, வி பின்னால வருது. யார் பெரியவங்க, யார் ஜாஸ்தி செஞ்சாங்கன்னு அதுல ஒண்ணும் கெடயாது."

"அப்டின்னா சரி" என்று விட்டுவிட்டார். ஷெட்டில் முப்பது பேருடைய வருகைப் பதிவில்கூட டோக்கன் நம்பர் வரிசைதான். அதற்காக முதல் நம்பர்காரன் நன்றாக வேலை செய்கிறவன் என்று யாரும் சொல்வதில்லை.

தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் அந்த இன்டர்வியூ வந்தது. குமணன்சாவடி தாண்டி பெங்களூர் ரோட்டில் ஒரு காலேஜ். நிரந்தர வேலை. அங்கே கணக்குக்கு ஆள் எடுத்தே ஒன்பது வருஷம் ஆகிறதாம். கஜபதிக்கு வருகிற தை மாதம் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வசந்தகுமாரிக்கு இருபத்தொன்பது நடக்கிறது. வந்த வரன்கள் எல்லாம் "இவ்ளோ படிச்சிட்டு வேலை இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டன. அந்த ஒரு வேலையில் எல்லாமே மாட்டிக்கொண்டு தொங்கியது.

இன்டர்வியூ அன்று விடாத மழை. ஃபேக்டரியில் கஜபதிக்கு நல்ல வேலை. இரண்டு இரும்புப் பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று இம்மி இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். ஒன்றில் நீலச் சாயம் தடவி மற்றதை அதன்மேல் வைத்து இழுத்தால் மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த மேட்டைச் சுரண்டியால் சுரண்ட வேண்டும். மறுபடி தடவிப் பார்க்க வேண்டும். சில நாள் ஒரு பரப்புக்கே முழு ஷிப்டும் போய்விடும். அன்று கை ஓடவில்லை. கூட வேலை செய்யும் நிஜாமுதீன் சுரண்டியை வாங்கிக்கொண்டார்.

"உடு மாமே, நீ மணியப் பாத்துகினே கீற. கை கிய்யி கிய்ச்சிக்கப் போற."

"காலைல ஒண்ணியும் துன்னாம போச்சி நிஜாமு."

"கவர்மென்ட்டு டாக்டர் பட்டம் குட்த்துக்கீது. காலேஜிகாரன் வேல குடுக்க மாட்டானா? போயி டீ குடி."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வசந்தகுமாரி ஏற்கெனவே வந்திருந்தாள். முழங்கால்வரை சேறு. புடவையைக்கூட மாற்றாமல் ஃபைலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெகதாம்பாள் கண்ணால் சாடை காட்டினாள், எதுவும் கேட்காதே என்று. அவர் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"கணக்கு தெரிஞ்சவர் ஒருத்தர் வரவேண்டியது நைனா. அவர் வந்த ரயில் திருவள்ளூர்லயே நின்னுபோச்சாம். மத்தவங்க ரெண்டு பேரே நடத்திட்டாங்க. பிரின்சிபால் சரித்திரம் படிச்சவர். இன்னொருத்தர் மனோகரன்னு, கெமிஸ்ட்ரி."

"இன்னா கேட்டாங்க?"

"பேர்தான் கேட்டாங்க. மூணு பேப்பரையும் மேசையில பரப்பி வெச்சிகிட்டு, ‘இதுல நீங்க செஞ்சது என்னம்மா’ன்னாரு மனோகரன். முக்கியமான நிரூபணம் என்னுதுன்னேன். ‘எங்க பக்கம் வேலை செஞ்சவர் பேரு முதல்ல வரும், லேபுக்குப் பெரியவர் பேரு கடைசில வரும். இங்க உங்க கைடு பேரே முதல்ல இருக்கு. அப்ப வேலையும் அவரே செஞ்சிருக்காருன்னுதானே அர்த்தம்?’ அப்டின்னாரு."

"எய்த்து வரிசைன்னு சொல்றதுதான?"

"சொன்னேன். பிரின்சிபால் சிரிக்கிறார். ‘எங்க பக்கம் ஒரு புத்தகத்துக்கு ஒரு ஆள்தாம்மா. ரெண்டு பேர் சேர்ந்து எழுதினா எந்த வரி யாருதுன்னே எங்களுக்கு வெளங்காது’ன்னாரு."

ஜெகதாம்பாள் குழம்பை ஊற்றியபடி, "அந்த வெளிநாட்டுக்காரன் எய்தினத காட்னியா?" என்றாள்.

வசந்தகுமாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். போலந்து தேசத்தில் யாரோ ஒருவர் அவர்களுடைய முதல் கட்டுரையை எடுத்து அதன்மேல் தன் ஆராய்ச்சியைக் கட்டியிருந்தார். அந்தப் பிரதி தபாலில் வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். வெளிநாட்டுக்காரன் ஒருவன் மேற்கோள் காட்டினால் அதற்குமேல் ஒரு சாட்சி வேண்டுமா?

"காட்டினேம்மா. அதுதான் தப்பாப்போச்சி. அதுல அந்த ஆளு ‘ரகுநாதன் தேற்றம்’னு எழுதியிருக்காரு. முதல் பேரை மட்டும் எடுத்துகிட்டாரு. மனோகரன் அத்தப் படிச்சிட்டு, ‘உலகமே உங்க கைடு செஞ்சதுன்னு சொல்லுதேம்மா’ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு."

கூரைமேல் மழை இரைந்தது.

"கஸ்தூரியும் வந்திருந்தா" என்றாள் வசந்தகுமாரி.

கஸ்தூரியை அவர்களுக்குத் தெரியும். அதே ரகுநாதனிடம் படித்த பெண், வசந்தகுமாரிக்கு மூன்று வருஷம் இளையவள். அப்பா இல்லை. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் மாத்திரைக்கு லேபிள் ஒட்டும் வேலை செய்கிறாள். வசந்தகுமாரியிடம் சந்தேகம் கேட்க வந்து இந்த வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறாள்.

"முதல் பேரா இருந்தா கட்டுரைக்கு மூணு மார்க்கு, இல்லன்னா ஒண்ணு. கஸ்தூரி பேரு கே-ல ஆரம்பிக்குது, ஆருக்கு முன்னால. அவளுக்கு ரெண்டு கட்டுரை, ஆறு மார்க்கு. எனக்கு மூணு கட்டுரை, மூணு மார்க்கு. மத்ததுல எல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

"முடிவாய்டுச்சா?"

"வெள்ளிக்கெழமை கமிட்டி கூடுது. அதுல கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது."

அன்றைக்குத் திங்கள்கிழமை. கஜபதி கையைக் கழுவிவிட்டு வந்து, "உங்க சாரு ஒரு லெட்டர் குட்த்தா?" என்றார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அப்பாவும் பெண்ணும் அயனம்பாக்கத்துக்குப் போனார்கள். ஏரி நிரம்பி ரோட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரகுநாதன் வீட்டுக் கேட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு புத்தக மூட்டைகளைப் பரணுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். கஜபதி கேட்காமலே நாலு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார்.

விஷயத்தைக் கேட்டதும் ரகுநாதன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த நிரூபணத்துல ஒரு வரிகூட என்னுது இல்லைங்க. கேள்வி மட்டும்தான் நான் கொடுத்தது. என் பேர் முதல்ல வருதேன்னு நான் யோசிச்சதே கெடயாது. எங்க ஆளுங்க யாரும் யோசிக்க மாட்டாங்க."

"யோசிக்கிறவங்க கையில மாட்டிகிச்சி சார்" என்றார் கஜபதி.

ரகுநாதன் உடனே எழுதினார். நல்ல மனுஷர், கஞ்சத்தனம் இல்லாமல் ஒரு பக்கம் எழுதினார். கையெழுத்துப் போட்டபின் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு, "போலந்துக்காரருக்கும் அப்பவே எழுதியிருக்கணும். நீ சொன்னே. நாந்தான், அது பழக்கதோஷம், விடும்மான்னேன்" என்றார். வசந்தகுமாரி தண்ணீரில் மிதந்த செருப்பைக் காலால் இழுத்து ஓரமாக விட்டாள்.

புதன்கிழமை காலை கஜபதி மட்டும் காலேஜுக்குப் போனார். பெண் வரவில்லை. "நான் வந்து நின்னா கெஞ்சற மாதிரி இருக்கும்" என்றாள். நான் போய் நின்றால் மட்டும் எப்படி இருக்கும் என்று அவருக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நக இடுக்கில் இருந்த நீலம் எத்தனை தேய்த்தும் போகவில்லை.

ஆபீஸில் பேபி என்று ஒரு கிளார்க் அம்மா. ஈரக் குடையை வாங்கி மூலையில் வைத்தாள், பெஞ்சில் உட்காரச் சொன்னாள். மனோகரன் வகுப்பில் இருந்தார். அவள் விண்ணப்பங்களைக் கட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"உங்க பேரு இன்னா சார்? கஜபதியா? அப்ப உங்க பொண்ணு உங்க பேரைக் கடைசில போட்டு, வசந்தகுமாரி கஜபதின்னு எழுதியிருந்தா ஜி வந்திருக்குமே. ஆருக்கு முன்னாடி. எங்க மிஸ்ஸுங்க பாதிப்பேர் அப்படித்தான் எழுதறாங்க, அப்பா பேரோ ஊட்டுக்காரர் பேரோ."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கஜபதி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். அவர் பெயர், அவர் தலையில் எழுதியிருந்த பெயர், பக்கத்தில் சும்மா கிடந்திருக்கிறது. எடுத்து ஒட்டியிருந்தால் ஒன்பது மார்க்.

பன்னிரண்டு மணிக்கு மனோகரன் வந்தார். கையில் ஆசிட் பட்ட வெள்ளைத் தழும்புகள். கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"உக்காருங்க. உங்க பொண்ணு நல்லா பதில் சொன்னாங்க, இல்லைங்கல. இந்த லெட்டரையும் நான் நம்பறேன். ஆனா இதை எந்தக் கட்டத்துல வைக்கறது? கைடு ஸ்டூடன்ட்டுக்கு நல்லபடியா எழுதறது வழக்கம். அச்சுல இருக்கறதைத்தான் எண்ணணும்."

"அச்சுல கீறது எய்த்து வரிசை சார்."

"இருக்கலாம். நான் என்னத்த கண்டேன்? நாலு வருஷம் ஒரு லேப்ல வெந்தேன் நானு. எட்டுப் பேர்ல ஆறாவதா என் பேரைப் போட்டாங்க. முதல் ஆளு வேலை செஞ்சவன், கடைசி ஆளு பெரிய மனுஷன், நடுவுல இருக்கறவன் யாருமில்லை. எனக்கு யார் லெட்டர் எடுத்துகிட்டு வந்தாங்க?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கஜபதி வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னார்.

"சார், கஸ்தூரி கீதே, அதும் இதே ரகுநாதன் சார் கிட்டதான் படிச்சிது. அதுங்கூட எய்தினப்ப மட்டும் சார் பேரு ரெண்டாவதா வருது பாருங்க. எதுக்கோசரம்? கே முன்னால கீது. அவ்ளோதான். அதான் சார் சாட்சி."

மனோகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு பேருடைய தாள்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு மாற்றம் வந்தது.

"நீங்க சொல்றது சரிதான்போல" என்றார் மனோகரன். "ஆனா ஒண்ணு பண்ணலாம். உங்க பொண்ணுக்கு மார்க்கைக் கூட்ட எனக்கு ரூல் இல்லை. முதல் பேருன்னு அச்சுல இல்லாததுக்கு மூணு போட்டா ஆடிட்ல கேப்பான். கஸ்தூரி முதல் பேரா வந்தது வெறும் எழுத்து வரிசைன்னு நீங்க ஒரு புகார் எழுதிக் குடுத்தா, அவங்களோடதைக் கட்டுரைக்கு ஒண்ணுன்னு கொறைக்கலாம். அப்ப அவங்களுக்கு ரெண்டு, உங்க பொண்ணுக்கு மூணு. எழுதித் தரீங்களா?"

பேப்பரை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார்.

கஜபதி அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேபிள் ஒட்டுகிற அந்த அம்மாவை ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறார், ஆவடி ஸ்டேஷனில். உங்க ஊட்டு சோத்துலதான் சார் எம் பொண்ணு படிக்குது என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பெண் என்ன தப்பு செய்தது? அவள் பெயர் கே-யில் ஆரம்பித்தது, அவ்வளவுதானே.

"வாணாம் சார்" என்றார். எழுந்துகொண்டார். குடையை மறந்துவிட்டுப் படியிறங்கினார். பேபி பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தாள்.

வீட்டில் அவர் முழுதும் சொல்லி முடிக்கும்வரை வசந்தகுமாரி கேட்டுக்கொண்டிருந்தாள். "எழுதிக் குடுக்காம வந்தீங்களே, நல்லது" என்றாள். ஜெகதாம்பாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னா நல்லது? ஊர்ல கீற பொண்ணுங்களுக்கெல்லாம் பாவம் பாரு. எம் பொண்ணுக்கு யாரு பாக்குறது?" என்று முறத்தை எறிந்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

கஜபதி மெதுவாகக் கேட்டார். "எம் பேரைக் கடைசில போட்ருந்தா முன்னால வந்துருக்குமாமே. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் நைனா."

"தெரிஞ்சா போடல?"

"முதல் பேப்பர் அனுப்பும்போது பேரு எப்டி அச்சாவணும்னு ஒரு தாள்ல கேட்டிருந்தாங்க. ரொம்ப நேரம் யோசிச்சேன். அந்த ரெண்டு வருசம் அந்தப் பலகையில ஒக்காந்திருந்தது நானு. எம் பேரு மட்டும் இருக்கட்டும்னு போட்டேன்."

"எம் பேரு அவ்ளோ கொறச்சலாப் பூட்ச்சா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அழவில்லை. "இல்ல நைனா. நீங்க சொரண்டின இரும்புல எம் பேரை எழுதுனா உங்களுக்கு எப்டி இருக்கும்?" என்றாள்.

அவர் ஷெட்டில் சுரண்டிய இரும்பில் யார் பெயரும் இருப்பதில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. கஸ்தூரிக்கு வேலை கிடைத்தது. ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்து, "அக்கா, இது உங்களுக்கு வரவேண்டியதுக்கா" என்று அழுதாள். வசந்தகுமாரி அவளை உட்காரவைத்து, முதல் வாரம் என்ன பாடம் எடுப்பது என்று குறிப்பு எழுதிக் கொடுத்தாள். ஜெகதாம்பாள் மைசூர்பாகைத் தொடவில்லை. ஆனால் போகும்போது அந்தப் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டாள்.

தையில் ஃபேக்டரியில் மாலை போட்டு அனுப்பினார்கள். திருநின்றவூரில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை வீடு பிடித்தார்கள். வசந்தகுமாரி அங்கே ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். காலையில் ஆறு மணிக்கு விழிப்பு தட்டினால் கஜபதிக்குப் போக இடம் இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வைப்பார். அதுவும் எட்டு மணியோடு முடிந்துவிடும்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் கொளுத்திய மத்தியானம், ரகுநாதன் வந்தார். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் பையிலிருந்து டைப் அடித்த தாள்களை எடுத்தார். வசந்தகுமாரியும் அவரும் போன வருஷம் ஆரம்பித்து நிறுத்திவைத்த கட்டுரை ஒன்று. அவர் முடித்திருந்தார்.

"படிச்சுப் பாரும்மா. இதை அனுப்பிட்டா அடுத்த தடவை எங்க போனாலும் உனக்கு இது நிக்கும். பேரைப் பாரு."

கஜபதி எட்டிப் பார்த்தார். இதற்குள் அவருக்கு அந்த இங்கிலீஷ் எழுத்துகள் நன்றாகப் பழகிவிட்டிருந்தன. மேலே வசந்தகுமாரி. கீழே ரகுநாதன். அவர் ஜெகதாம்பாளைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வசந்தகுமாரி நின்றபடியே எல்லாத் தாள்களையும் படித்தாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஓர் இடத்தில் குறியை மாற்றினாள். பிறகு முதல் தாளுக்கு வந்து, பேனாவால் இரண்டு பெயர்களுக்கும் நடுவே வளைத்து ஒரு கோடு போட்டாள், இடம் மாற்றச் சொல்லும் கோடு.

"என்னம்மா இது?"

"வரிசைப்படியே இருக்கட்டும் சார்."

"நான் மனசாரத்தான்..."

"தெரியும் சார். இதுல மட்டும் நாம மாத்தினா, பேரு முன்னால வர்றதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்ப அந்த மூணுலயும் நான் ரெண்டாவதுன்னு ஆயிடும். இத்தினி நாள் அவங்க சொன்னாங்க. இனிமே நானே சொன்ன மாதிரி இருக்கும்."

ரகுநாதன் கணக்குக்காரர், அவருக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. ஜெகதாம்பாளுக்குப் புரியவில்லை. "இன்னாடி சொல்ற, தேடி வந்து குடுக்கிறாரு..." என்று ஆரம்பித்தவளைக் கஜபதி கைகாட்டி நிறுத்தினார்.

வசந்தகுமாரி தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். "நாலாம் பக்கத்துல குறி ஒண்ணு தப்பா இருந்துச்சி சார், திருத்திட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைப் பேப்பர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

ஸ்டேஷன்வரை கஜபதி கூடப் போனார். பிளாட்பாரத்தில் நிழல் இல்லை. பட்டறைத் தகடுபோல் தரை கொதித்தது. ரயில் தூரத்தில் தெரிந்தபோது ரகுநாதன் அவர் கையைப் பிடித்தார்.

"நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதாங்க? நீங்க சொன்னா கேப்பா."

"இன்னான்னு சார் சொல்றது?" என்றார் கஜபதி. "அது சொல்றது சரியாத்தான கீது. தப்பா இருந்தாலாவது நாலு வார்த்த திட்டிட்டு மாத்தச் சொல்லலாம்."

ரயில் வந்தது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. ரகுநாதன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்.